டீம் லீடருக்கு எந்த நேரத் திட்டம் ஒத்துவரும்? ஐந்து வழிகளும் என் தேர்வும்

போன வருஷம் ஒரு மாதம் முழுக்க என் காலண்டரைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. தினமும் காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை எனக்கென்று ஒதுக்கிய நேரம். அதில் யாரும் மீட்டிங் வைக்கக் கூடாது, சாட் மூடியிருக்கும், போன் கவிழ்ந்திருக்கும். மதியத்துக்கு மேல் வரிசையாக மீட்டிங்குகள். அந்த மாதம் நான் உட்கார்ந்து முடித்த வேலை, அதற்கு முந்தைய இரண்டு மாதத்தையும் சேர்த்தால்கூட வராது.

அதே மாதத்தில்தான் இதுவும் நடந்தது. குழுவில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு தம்பி, நான் பார்த்து "சரி, அனுப்பிடுங்க" என்று சொல்ல வேண்டிய நான்கு பக்க அறிக்கை ஒன்றைச் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டேகாலுக்கு எனக்கு அனுப்பியிருக்கிறார். அப்போது நான் மீட்டிங்கில். சாயங்காலம் வரை ஒன்றை விட்டால் இன்னொன்று. புதன் காலை என் ஒதுக்கிய நேரம், அதில் மெயில் திறப்பதில்லை. புதன் மதியம் மறுபடி மீட்டிங். வியாழன் பகல் ஒரு மணிக்குத்தான் திறந்தேன், படித்துப் பதில் போட நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடத்துக்காக அவர் இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார், அந்த அறிக்கையை வைத்து அடுத்த வேலையைத் தொடங்க வேண்டிய இன்னும் இரண்டு பேரும் அப்படியே. வந்து கேட்டிருக்கலாமே என்றேன். "நீங்க பிஸியா இருந்தீங்க அக்கா, தொந்தரவு பண்ண வேண்டாம்னு இருந்துட்டேன்" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நேரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லித் தரும் முறைகள் பெரும்பாலும் தனியாளுக்காக யோசித்து வைத்தவை. தன் வேலை, தன் மேசை, தன் கவனம். எழுதுகிறவருக்கும் படிக்கிற மாணவருக்கும் அது பொருந்தும். பத்துப் பேர் வேலை என் ஒரு வார்த்தைக்காக நிற்கும் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கும்போது, நான் எத்தனை மணி நேரம் கவனமாக வேலை செய்தேன் என்பது பாதிக் கணக்குதான். என் மேசையில் மற்றவர்களின் வேலை எத்தனை மணி நேரம் படுத்துக்கிடந்தது என்பது மீதிப் பாதி, அதுதான் பெரிய பாதியும்கூட. இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்டி குரோவ் 1983-இல் எழுதியது இதே கணக்குதான்: ஒரு மேலாளரின் விளைச்சல் என்பது அவருக்குக் கீழே இருக்கும் குழுவும் அவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கும் பக்கத்துக் குழுக்களும் சேர்ந்து தரும் விளைச்சல். தனியாக அவர் என்ன செய்தார் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

அதனால் கீழே ஐந்து வழிகளை ஒப்பிடும்போது எல்லாவற்றையும் இந்த ஒரே தராசில்தான் நிறுத்தப் போகிறேன். இந்த வழியைப் பிடித்தால் என்னிடம் வரும் வேலை காத்திருக்கும் நேரம் கூடுமா குறையுமா? எனக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறதா என்பதையும் பார்ப்பேன், ஆனால் இரண்டாவதாக.

முதலில் ஒரு கணக்கு

வழிகளுக்குப் போகும் முன் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் முடிவு முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. 1909-இல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்பவர், எத்தனை அழைப்பு வந்தால் எத்தனை இணைப்பு வேண்டும் என்று கணக்குப் போடத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் வரிசைக் கணக்கு. அதில் மிக எளிமையான ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம்: பதில் சொல்ல ஒரே ஆள், கேள்விகள் எப்போது வேண்டுமானாலும் வரும், ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரம் முன்பின்னாக இருக்கும், சராசரியாகப் பத்து நிமிடம். அந்த ஆளின் நேரத்தில் பாதி நிரம்பியிருந்தால் ஒரு கேள்வி சராசரியாகப் பத்து நிமிடம் காத்திருக்கும். 80 சதவீதம் நிரம்பினால் 40 நிமிடம். 90 சதவீதத்தில் 90 நிமிடம். 95 சதவீதத்தில் 190 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத்துக்கும் மேல்.

கடைசி இரண்டு எண்களைத் திரும்பப் பாருங்கள். வேலை ஐந்து சதவீதம்தான் கூடியது, காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. அப்புறம், இது எல்லாமே சராசரியாகப் பத்து நிமிட வேலையாக இருந்தால் வரும் கணக்கு. நடுவில் ஒரு மணி நேர மீட்டிங்குகளையும் போட்டுக்கொண்டால் இன்னும் மோசமாகும். காலண்டரில் ஒரு இண்டு இடுக்குகூட இல்லாமல் நிரப்பி வைத்திருக்கும் டீம் லீடர் எவ்வளவு உழைத்தாலும் அவர் குழு காத்துக்கொண்டேதான் இருக்கும். அது அவர் சோம்பலாலோ திறமைக் குறைவாலோ வருவதில்லை, கூட்டிக் கழித்தால் அப்படித்தான் வரும்.

எனவே எந்த வழியை எடுத்தாலும் நாளின் நேரத்தில் ஒரு பகுதி காலியாகவே இருக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்காவது இருக்கட்டும் என்பது என் அனுபவம். அந்தக் காலி நேரத்தைப் பார்த்துக் குற்ற உணர்ச்சி வரும், எனக்கும் வந்தது. விட்டுவிடுங்கள்.

ஒன்று: பட்டியலும் நாலு கட்டமும்

அவசரம், முக்கியம் என்று இரண்டு அச்சு, நாலு கட்டம். பயிற்சி வகுப்பு எதற்குப் போனாலும் முதலில் இதைத்தான் வரைவார்கள். ஐசன்ஹோவர் பேரில் ஓடுகிறது. அமெரிக்க அதிபராக இருந்தபோது 1954-இல் ஒரு உரையில், தன் பிரச்சினைகள் இரண்டு வகை, அவசரமானவையும் முக்கியமானவையும், அவசரமானவை முக்கியமில்லை, முக்கியமானவை ஒருபோதும் அவசரமில்லை என்ற பொருளில் அவர் பேசினார். அதையும் தன் சொந்தச் சொல் என்று சொல்லவில்லை, முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவர் சொன்னதாகத்தான் சொன்னார். அந்த உரையில் கட்டம் எதுவும் இல்லை. அது பின்னால் வந்தவர்கள் போட்டது.

எனக்கு இந்த முறையில் உள்ள சிக்கல் மூன்றாவது கட்டம்: அவசரம், ஆனால் முக்கியமில்லை. அதில் வருவதை வேறு யாரிடமாவது தள்ளு என்கிறது முறை. ஒரு டீம் லீடர் உட்கார்ந்து தன் நாளை இதில் பிரித்துப் பார்த்தால், குழுவிலிருந்து வரும் கேள்விகளில் முக்கால்வாசி அந்தக் கட்டத்தில்தான் போய் விழும். "இந்த எண்ணை எங்கிருந்து எடுக்கணும்?" "இவருக்கு யார் பதில் சொல்றது?" எனக்கு முக்கியமில்லை என்பது சரிதான், கேட்டவருக்கு? அன்றைய வேலையே அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. யாருடைய முக்கியம் என்று கட்டம் கேட்பதில்லை. நான் செய்ததும் அதுதான், அந்த நான்கு பக்க அறிக்கை என் கணக்கில் முக்கியமில்லாத கட்டத்தில் இருந்தது.

ஆனால் இதை முழுக்கத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒருமுறை, வார முடிவில் இருபது நிமிடம் இதோடு உட்கார்ந்தால் நல்ல பலன் இருக்கிறது. தினசரி ஓட்டத்தில் எப்போதும் தள்ளிப்போகும் விஷயங்கள் உண்டு. ஒருவர் ஆறு மாதமாக ஒரே மாதிரி வேலையில் சலித்துப் போயிருக்கிறார், ஒரு வேலை ஒரே ஆளுக்குத்தான் தெரியும், அவர் லீவ் போட்டால் எல்லாம் நிற்கும். அவசரமில்லாத முக்கியம் என்பது இவைதான். கட்டம் போட்டுப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை போதும், தினமும் வேண்டாம்.

இரண்டு: 25 நிமிட டைமர்

பொமோடோரோ. 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை வைத்துப் படிக்கத் தொடங்கியதில் வந்தது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நாலு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு. படிப்பவருக்கு, நிரல் எழுதுபவருக்கு, மொழிபெயர்ப்பவருக்கு அருமையான முறை. மேலாளருக்கு நாள் முழுக்க ஓட்டும் முறையாக இது சரிப்படாது, அதிகம் விவாதிக்க ஒன்றுமில்லை. ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ற மேலாண்மை ஆய்வாளர் ஐந்து நிறுவனத் தலைவர்கள் பக்கத்திலேயே இருந்து கவனித்து 1973-இல் எழுதினார்: அவர்கள் செய்தவற்றில் பாதி, ஒவ்வொன்றும் ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்தது, ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது பத்தில் ஒரு பங்குதான். தொழிற்சாலை மேற்பார்வையாளர்களைப் பற்றி அவர் எடுத்துக்காட்டும் இன்னொரு ஆய்வில் சராசரியாக 48 விநாடிக்கு ஒரு வேலை. இந்த வேலையின் இயல்பே துண்டு துண்டாக இருப்பது. அதன் மேல் 25 நிமிடச் சட்டத்தை மாட்டினால் ஒன்று சட்டம் உடையும், இல்லையென்றால் கேட்க வந்தவர் திரும்பிப் போவார்.

ஒரு இடத்தில் மட்டும் இதை இன்னும் வைத்திருக்கிறேன். ஆண்டு மதிப்பீடு எழுதுவது மாதிரி, தொடங்கவே மனம் வராத எழுத்து வேலை இருக்குமே, அதற்கு. அப்போது யாராவது வந்தால், "இருபது நிமிஷத்துல நானே உங்க சீட்டுக்கு வரேன்" என்று சொல்லி, சொன்னபடி எழுந்து போக வேண்டும். 25 நிமிடக் காத்திருப்பு யாரையும் கொல்லாது. சொன்னபடி போகாவிட்டால்தான் அடுத்த முறை அவர் கேட்கவே வரமாட்டார்.

மூன்று: காலண்டரில் நேரத்தைப் பூட்டி வைப்பது

என்னைச் சாய்த்தது இதுதான், ஆனாலும் இதை விட்டுவிட மனமில்லை, ஏனென்றால் இதற்குப் பின்னால் உள்ள காரணம் உண்மை. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தைய வேலையின் ஒரு பகுதி மனதிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். குளோரியா மார்க்கும் அவருடன் சேர்ந்தவர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் வந்தது இன்னும் யோசிக்க வைப்பது: குறுக்கீடு வந்தவர்கள் வேலையைக் கொஞ்சம் வேகமாகவே முடித்தார்கள், விலையாகக் கொடுத்தது அதிக மன அழுத்தமும் எரிச்சலும். அதாவது வெளியிலிருந்து பார்த்தால் சமாளித்துவிட்டதாகத் தெரியும், உள்ளே தேய்ந்துகொண்டிருப்போம். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் ஒருவர் சாதாரணமாகக் கேட்ட கேள்விக்கு நாம் சள்ளென்று விழுவது எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்?

ஆக, பூட்டிய நேரம் வேண்டும். எவ்வளவு, எப்போது என்பதில்தான் நான் தவறினேன். தினமும் இரண்டரை மணி நேரம் பூட்டினேன், மீதி நேரம் காலியாக இருந்திருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் காலையில் இடம் இல்லாததால் எல்லா மீட்டிங்கும் மதியத்துக்கு நகர்ந்து மதியமும் நிரம்பிவிட்டது. மேலே சொன்ன கணக்கில் 95 சதவீதம். பூட்டிய நேரம் குற்றவாளி இல்லை, அதற்காக எதையும் வெட்டாமல் விட்டதுதான் குற்றம். ஒரு மணி நேரம் பூட்டுகிறீர்கள் என்றால், ஒரு மணி நேர மீட்டிங் ஒன்று ரத்தாக வேண்டும், நகரக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் அப்போது யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்று, எந்த நேரத்தைப் பூட்டுவது. காலையில்தான் மூளை தெளிவாக இருக்கும் என்று எல்லோரும் காலையைப் பூட்டுகிறோம். ஆனால் குழுவில் உள்ளவர்களும் காலையில்தான் வேலையைத் தொடங்குகிறார்கள், எங்கே முட்டி நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரிவதும் முதல் ஒரு மணி நேரத்தில்தான். அந்த நேரம் பார்த்து நான் கதவைச் சாத்திக்கொண்டால் அன்றைய நாளே போச்சு. நான் இப்போது வாரத்தில் இரண்டு நாள் மட்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் பூட்டுகிறேன். தூக்கம் வரும் நேரம்தான், ஆனாலும் அது என் கஷ்டம், அவர்களுடையது இல்லை.

நான்கு: கேள்விக்கென்று நேரம்

திறந்த கதவு என்பது ஒரு முனை, எப்போது வேண்டுமானாலும் வா. காத்திருப்பு கிட்டத்தட்ட இல்லை, ஆனால் நீங்கள் நாள் முழுக்கத் துண்டு துண்டாகப் போவீர்கள். பூட்டிய காலண்டர் மறு முனை. இரண்டுக்கும் நடுவில், "இந்த நேரங்களில் நான் நிச்சயம் சும்மா இருப்பேன், வந்து கேளுங்கள்" என்று அறிவித்துவிடுவது. நம்மில் பலர் இதை முயற்சி செய்வதில்லை, ஏதோ பேராசிரியர்கள் வைக்கும் பழக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதில் எத்தனை தடவை என்பதுதான் எல்லாமே. ஒன்பதரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடியும் நாளில், பதினொன்றுக்கு ஒருமுறை, நாலரைக்கு ஒருமுறை என்று வைத்தால், பதினொன்றரைக்குச் சந்தேகம் வந்தவர் ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதையே பத்தரை, ஒன்றரை, நாலரை என்று மூன்றாக்கி, ஒவ்வொன்றும் அரை மணி நேரம் வைத்தால் அதிகபட்சமே இரண்டரை மணி நேரம்தான், பெரும்பாலும் அதற்கும் குறைவு. உங்களுக்கு ஆவது ஒன்றரை மணி நேரம். யாரும் வராத நாட்களில் அந்த நேரம் உங்களுக்கே. நான் அப்போது சாட்டில் நிலுவையில் கிடப்பதையெல்லாம் மேலிருந்து கீழே பார்த்து முடிப்பேன்.

சொல்லாமலேயே கிடைத்த ஒரு லாபமும் உண்டு. பத்தரைக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பேர் அதற்குள் தாங்களே விடை கண்டுபிடித்துவிடுகிறார்கள். உடனே கேட்க ஆள் இருந்தால் யாரும் தேடமாட்டோம், அது மனித இயல்பு. அப்புறம், கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது பெரிய விடுதலை. "தொந்தரவு பண்ண வேண்டாம்னு இருந்துட்டேன்" என்று சொன்ன தம்பியின் பிரச்சினை நேரம் இல்லாதது மட்டும் இல்லை, எப்போது கேட்டால் தொந்தரவு ஆகாது என்று அவருக்குத் தெரியாததும்தான். நேரத்தை அறிவித்துவிட்டால் அந்த நேரத்தில் வருவது உரிமை, யாரும் முகம் பார்க்க வேண்டியதில்லை.

குறை என்னவென்றால், நிஜமாகவே தீப்பிடித்த விஷயம் காத்திருக்காது. அதற்கு ஒரு வழி வேண்டும். எங்கள் குழுவில் போன் செய்தால் தீ, சாட் என்றால் அடுத்த கேள்வி நேரம், மெயில் என்றால் நாளைக்குள். இதை எழுதி ஒட்டியதிலிருந்து போன் வருவது வாரத்துக்கு இரண்டு மூன்று தடவைதான். இன்னொரு குறை, ஷிப்ட் வேலை நடக்கும் இடங்களில், அல்லது குழுவில் சிலர் வேறு நேர மண்டலத்தில் இருந்தால், ஒரே நேரம் எல்லோருக்கும் ஒத்துவராது. அங்கே ஒவ்வொரு ஷிப்டும் மாறும் வேளையில் பதினைந்து நிமிடம் என்று பிரித்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு வரும்.

தினசரி நின்றபடி பேசும் மீட்டிங் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். எட்டுப் பேர் தினமும் பதினைந்து நிமிடம் நின்றால் நாளுக்கு இரண்டு மணி நேர உழைப்பு, வாரத்துக்குப் பத்து. யார் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்ள அவ்வளவு தேவையா என்று எனக்குச் சந்தேகம்தான், நாலு வரி எழுதிப் போட்டால் போதும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் யாருடைய முட்டுக்கட்டையாவது நீங்கினால் வையுங்கள், வெறும் வருகைப் பதிவாக இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஐந்து: முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்துவிடுவது

மேலே சொன்ன நாலும் வரிசையை ஒழுங்குபடுத்துகின்றன. இது ஒன்றுதான் வரிசையின் நீளத்தையே குறைக்கிறது.

1974-இல் ஆன்கன், வாஸ் என்ற இருவர் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு உவமை வரும், மேலாண்மை படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்: ஊழியரின் தோளில் இருக்கும் குரங்கு மேலாளரின் தோளுக்குத் தாவுவது. எனக்கு அது எப்படி நடக்கிறது என்று கண்முன் பார்த்த பிறகுதான் புரிந்தது. நடைபாதையில் போய்க்கொண்டிருக்கிறேன். ஒருவர் எதிரே வருகிறார். "அக்கா, அந்த வாடிக்கையாளர் தேதியை இரண்டு நாள் தள்ளிக் கேக்கறார், என்ன சொல்லலாம்?" என்னிடம் அப்போது விவரம் இல்லை, அடுத்த மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது. "சரி, நான் பார்த்துச் சொல்றேன்" என்கிறேன். முடிந்தது. பத்து விநாடிக்கு முன்னால் அது அவர் வேலை, இப்போது என் வேலை. அவர் நிம்மதியாகப் போகிறார். மறுநாள் அவரே வந்து, "அக்கா, பார்த்தீங்களா?" என்று என்னை மேற்பார்வை செய்யத் தொடங்குகிறார். ஒரு வாரம் நோட்டின் கடைசிப் பக்கத்தில், "பார்த்துச் சொல்றேன்" என்று எத்தனை தடவை சொல்கிறேன் என்று கோடு போட்டு வந்தேன். இருபத்தாறு கோடுகள். பாதிக்கு மேல் கேட்டவருக்கே என்னைவிட நன்றாக விடை தெரிந்த விஷயம்.

அந்தக் கட்டுரையிலேயே ஐந்து படிகள் இருக்கின்றன. சொல்லும்வரை காத்திரு, என்ன செய்யட்டும் என்று கேள், இதைச் செய்யலாம் என்று பரிந்துரைத்துவிட்டு ஒப்புதல் வந்ததும் செய், செய்துவிட்டு உடனே சொல், நீயே செய்துவிட்டு வழக்கமான அறிக்கையில் சொன்னால் போதும். முதல் இரண்டு படிகளையும் குழுவில் அனுமதிக்கவே கூடாது என்று அவர்கள் சொல்வதை நான் அப்படியே ஏற்கிறேன். "என்ன செய்யட்டும்?" என்று யாராவது கேட்டால் இப்போது என் பதில், "நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?" என்பதுதான். முதல் இரண்டு வாரம் எல்லோருக்கும் கொஞ்சம் கோபம் வந்தது, தட்டிக்கழிக்கிறேன் என்று நினைத்தார்கள். பிறகு கேட்க வரும்போதே விடையோடு வரத் தொடங்கினார்கள், நான் தலையாட்டினால் போதும், பத்து நிமிடம் இரண்டு நிமிடமானது.

ஆனால் ஆளை வைத்துப் படியைத் தீர்மானிப்பது தவறு. ஒரே ஆளுக்கு ஒரு விஷயத்தில் ஐந்தாவது படி, இன்னொன்றில் மூன்றாவது. நாங்கள் ஒரு பக்கத்தில் எழுதி வைத்தோம்: தேதி இரண்டு நாள் வரை தள்ளலாம், கேட்க வேண்டாம், அன்றே சொன்னால் போதும். அதற்கு மேல் என்றால் பரிந்துரையோடு வாருங்கள். திருப்பி எடுக்க முடியாத எதுவும், ஆட்களைப் பற்றிய எதுவும், சம்பளம், புகார், ஒருவரை வேறு குழுவுக்கு மாற்றுவது, இவை என் மேசைக்கு வந்தே ஆக வேண்டும். இதில் டீம் லீடர் கையை விரிக்கவே கூடாது, நேரம் மிச்சமாகிறது என்பதற்காக ஒருவரின் மனக்குறையைக் கேட்கும் வேலையை இன்னொருவரிடம் தள்ளுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

இந்த வழியின் பெரிய விலை, தொடக்கத்தில் நேரம் மிச்சமாகாது, கூடத்தான் செலவாகும். எனக்கு முதல் ஐந்தாறு வாரம் முன்பைவிட மோசமாக இருந்தது. நானே செய்தால் பத்து நிமிடம், சொல்லிக்கொடுத்தால் நாற்பது. அந்த இடத்தில்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வாரத்துக்கு ஐந்து முறை வரும் வேலை என்றால் ஒரு வாரம் முடிவதற்குள் அந்த நாற்பது திரும்பி வந்துவிடும், வருஷத்துக்கு ஒருமுறை வருவதை நானே செய்துவிடுகிறேன்.

அப்படியென்றால் யாருக்கு எது?

குழு புதிது, பாதிப் பேருக்கு வேலையே இன்னும் பிடிபடவில்லை என்றால் கேள்வி நேரத்திலிருந்து தொடங்குங்கள், ஒரு நாளுக்கு மூன்று, தேவைப்பட்டால் நான்கு. உரிமை கொடுப்பது அப்போது வேண்டாம், அது உரிமையாகத் தெரியாது, கைவிட்டதாகத்தான் தெரியும். ஆட்கள் பழகியவர்கள், ஆனாலும் எல்லாம் உங்களைக் கேட்டே நடக்கிறது என்றால் நேராக ஐந்தாவதுக்குப் போங்கள், மற்றதெல்லாம் மருந்தாகாது. குழுவையும் பார்த்துக்கொண்டு தன் பங்குக்கு உற்பத்தி வேலையும் செய்யும் டீம் லீடர்களுக்குத்தான் உண்மையிலேயே சங்கடம். அவர்களுக்குப் பூட்டிய நேரம் இல்லாமல் முடியாது. ஆனால் குழு நிற்கும் பாதையில் உள்ள வேலையைத் தன் பங்காக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒரு வாரம் தாமதமானாலும் யாரும் நிற்காத வேலையாகப் பார்த்து எடுக்க வேண்டும். நெருக்கடி வாரம் ஒன்று வந்தால் எல்லாத் திட்டத்தையும் ஓரம் கட்டிவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள், அந்த வாரம் மட்டும்.

எதையும் தேர்ந்தெடுக்கும் முன் ஒரே ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். உங்களிடம் வந்த ஒவ்வொரு கேள்விக்கும், ஒப்புதலுக்கும், அது எப்போது வந்தது, நீங்கள் எப்போது பதில் சொன்னீர்கள் என்று இரண்டு நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மெயிலிலும் சாட்டிலும் ஏற்கெனவே பதிவாகியிருக்கும், எடுத்து எழுதினால் போதும். நீங்கள் எதில் எத்தனை மணி நேரம் செலவழித்தீர்கள் என்ற கணக்கு வேண்டாம். அந்த இரண்டு நேரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே எந்த வழி உங்களுக்கு வேண்டும் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பெரிய இடைவெளிகள் எல்லாம் மீட்டிங் நாட்களில் இருந்தால் வெட்ட வேண்டியது காலண்டரில். ஒரே மாதிரிக் கேள்விகளில் இருந்தால் கொடுக்க வேண்டியது உரிமை. ஒரே ஆளிடமிருந்து வந்தவற்றில் இருந்தால் அவரோடு தனியாக ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், அதற்கு எந்த முறையும் மாற்றில்லை.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்தாவதுதான் முதுகெலும்பு, அதோடு மூன்று கேள்வி நேரம், வாரத்துக்கு இரண்டு பூட்டிய மதியம், வார முடிவில் நாலு கட்டம். அந்தத் தம்பியின் அறிக்கை இப்போது என்னிடம் வராமலே போகிறது, வெள்ளிக்கிழமை மொத்தமாகப் படிக்கிறேன். போன மாதம் ஒன்றில் ஒரு தேதி தப்பாகப் போய்விட்டது, என்னிடம் வந்திருந்தால் ஒருவேளை பிடித்திருப்பேன். திருத்தி அனுப்ப அரை மணி நேரம் ஆனது. அவரே செய்துவிட்டு, அடுத்த முறை தேதிகளை யார் இரண்டாவது ஆளாகப் பார்ப்பார் என்பதையும் முடிவு செய்துவிட்டு, எனக்கு இரண்டு வரி எழுதியிருந்தார்.